2012 லேப்டாப்ல லினக்ஸ் மின்ட் 22.2: எது ஓடுது, எது ஓடல

முதல்லயே சொல்லிடறேன். விண்டோஸ் 10-க்கு அப்டேட் நின்னுடுச்சு, இனிமே புதுசு தான் வாங்கணும்னு நினைச்சிட்டு இருக்கறவங்க, கடைக்கு கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு எஸ்எஸ்டி (சுத்தற ஹார்ட் டிஸ்குக்கு பதிலா போடற வேகமான டிஸ்க்) மாட்டி, விண்டோஸுக்கு பதிலா ஓடற இலவச சிஸ்டமான லினக்ஸ் மின்டோட எக்ஸ்எஃப்சிஇ எடிஷனை (பழைய மெஷினுக்கு ஏத்த லேசான ரகம்) ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க. பிரவுசர், மெயில், பேங்க், யூடியூப், லெட்டர் அடிக்கறது, பிரிண்ட் எடுக்கறதுன்னு வீட்டு உபயோகம் மட்டும்னா தாராளமா போதும், விண்டோஸ்ல ஓடினதை விட நல்லாவே ஓடுது. டாலி (கணக்கு எழுதற சாஃப்ட்வேர்), பேஜ்மேக்கர் (பத்திரிகை, நோட்டீஸ் வடிவமைக்கறது), சில பழைய லேசர் பிரிண்டர், இதுல எதாவது உங்க பொழப்பு சம்பந்தப்பட்டதா இருந்தா கதை வேற, அதையும் கீழ விவரமா எழுதியிருக்கேன், அதைப் படிக்காம டிஸ்க்கை அழிச்சிடாதீங்க.

நான் போட்டது எங்கப்பா லேப்டாப்ல. 2012-ல வாங்கினது, மூணாவது ஜெனரேஷன் கோர் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7-ஓட வந்தது, அப்புறம் மைக்ரோசாஃப்ட் ஃப்ரீயா குடுத்தப்ப 10-க்கு மாத்தினோம். அப்பா ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். பென்ஷன் கணக்கு பாக்கறது, கோயில் கமிட்டிக்கு நோட்டீஸ் அடிக்கறது, ஊர்ல யாராவது கேட்டா கலெக்டர் ஆபீசுக்கு மனு டைப் பண்ணி குடுக்கறது, ராத்திரி யூடியூப்ல பட்டிமன்றம். இவ்ளோ தான் வேலை. இதுக்கு ஒரு ஐ3 ப்ராசஸர் இன்னும் பல வருஷம் தாங்கும். கீபோர்ட் நல்லா இருக்கு, ஸ்க்ரீன்ல ஒரு கோடு கூட இல்ல, சார்ஜர்ல போட்டே வச்சிருக்கறதால பேட்டரி போனது கூட ஒரு குறையா தெரியல. ஆனா கடையில கேட்டா "சார் போர்டு பழசு, விண்டோஸ் 11 ஏறாது, எக்ஸ்சேஞ்ச்ல போட்டுடுங்க"ன்னு ஒரே பதில். எக்ஸ்சேஞ்ச்னா இத்தனை வருஷம் உழைச்ச மெஷினை பழைய இரும்பு விலைக்கு குடுத்துட்டு வர்றதுன்னு அர்த்தம், அதுக்கு எனக்கு மனசு வரல.

சரி, நிலவரம் என்னன்னு பாத்துடுவோம். விண்டோஸ் 10 வந்தது 2015 ஜூலை 29. சப்போர்ட் முடிஞ்சது 2025 அக்டோபர் 14. அதுக்கப்புறம் சிஸ்டம் ஒண்ணும் நின்னு போயிடாது, எப்பவும் போல ஆன் ஆகும், எல்லாம் ஓடும், ஆனா புதுசா ஒரு ஓட்டை கண்டுபிடிச்சாங்கன்னா அதை அடைக்க பேட்ச் வராது. நெட்டே போடாம டைப்பிங் மட்டும் பண்றவங்க இதுக்காக ரொம்ப பதற வேணாம். நெட்பேங்கிங் பண்றவங்க கண்டிப்பா யோசிக்கணும். இன்னொண்ணு, பேட்ச் நிக்கறது ஆரம்பம் தான், கொஞ்ச வருஷத்துல பிரவுசர்காரங்களும் கையை விரிப்பாங்க. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியில சப்போர்ட் போச்சு, குரோம் 2023 பிப்ரவரி வரைக்கும் தாக்குப் பிடிச்சுது, 109-வது வெர்ஷன் தான் கடைசி, அதுக்கு மேல இல்லைன்னுட்டாங்க. பிரவுசர் பழசானா தான் வீட்ல இருக்கற சாதாரண ஆளுக்கு உறைக்கும், ஏன்னா அப்ப தான் ஒவ்வொரு வெப்சைட்டா "உங்க பிரவுசரை அப்டேட் பண்ணுங்க"ன்னு திருப்பி அனுப்ப ஆரம்பிக்கும்.

விண்டோஸ் 11 ஏன் ஏறாதுன்னா, டிபிஎம் 2.0ங்கற பாதுகாப்பு சிப் வேணும், செக்யூர் பூட் (ஆன் ஆகறப்ப நம்பகமில்லாத சாஃப்ட்வேரை தடுக்கற வசதி) வேணும், இன்டெல்னா எட்டாவது ஜெனரேஷன்ல இருந்து தான், ஏஎம்டின்னா ரைசன் 2000 சீரிஸ்ல இருந்து தான் (ஓரிரு விதிவிலக்கு இருக்கு). எட்டாவது ஜெனரேஷன் இன்டெல் வெளிய வந்ததே 2017-ல. அப்படின்னா 2017-ல ஏழாவது ஜெனரேஷன் ஐ7 வாங்கினவங்க கூட லிஸ்ட்ல கிடையாது, ஆனா அதை விட மெதுவா ஓடற ஒரு எட்டாவது ஜெனரேஷன் மெஷின் லிஸ்ட்ல இருக்கு. வேகத்தை வச்சு போட்ட கோடு இல்ல இது, பாதுகாப்பு வசதியை வச்சு போட்டது. மைக்ரோசாஃப்ட் சொல்ற காரணம் எனக்கு புரியுது, டிபிஎம் இருந்தா டிஸ்க் என்கிரிப்ஷன், பாஸ்வேர்டு எல்லாத்துக்கும் நல்லது தான். ஆனா அந்த ஒரு காரணத்துக்காக நல்லா ஓடிட்டு இருக்கற கோடிக்கணக்கான மெஷின் ஓரமா போறது எனக்கு சுத்தமா ஏத்துக்க முடியல, இதை எங்க வேணா சொல்வேன்.

ஒரு வருஷம் கூடுதல் டைம் வாங்கிக்கற வழி ஒண்ணு இருக்கு, இஎஸ்யுன்னு சொல்றாங்க. 2026 அக்டோபர் 13 வரைக்கும் செக்யூரிட்டி பேட்ச் மட்டும் வரும். 30 டாலர் கட்டலாம், இல்ல மைக்ரோசாஃப்ட் ரிவார்ட்ஸ் பாயிண்ட் 1000 குடுக்கலாம், இல்ல செட்டிங்ஸை எல்லாம் அவங்க கிளவுடுக்கு பேக்கப் போகற மாதிரி விட்டா காசே வேணாம். எல்லாத்துக்கும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் வேணும், விண்டோஸ் 10-ல 22எச்2 வெர்ஷன் இருக்கணும். டாலி மாதிரி விண்டோஸை விட முடியாதவங்களுக்கு இது உபயோகமான வழி, தயங்காம போட்டுக்கங்க. மத்தவங்களுக்கு கெடுவை கொஞ்சம் தள்ளிப் போட்ட மாதிரி தான்.

ரூஃபஸ்ங்கற சாஃப்ட்வேர்ல இன்ஸ்டால் பென்டிரைவ் பண்ணி டிபிஎம் செக்கை தூக்கிட்டு விண்டோஸ் 11-ஐ ஏத்தலாம்னு நிறைய வீடியோ சுத்துது. ஏறும், பொய் இல்ல. ஆனா சப்போர்ட் லிஸ்ட்ல இல்லாத மெஷினுக்கு அப்டேட் வரும்னு எந்த கேரண்டியும் கிடையாதுன்னு மைக்ரோசாஃப்டே சொல்லிடுச்சு, பெரிய வெர்ஷன் வரும்போதெல்லாம் திரும்ப பென்டிரைவோட உக்காரணும். விண்டோஸ் 11-ஓட 24எச்2 வெர்ஷன்ல இருந்து எஸ்எஸ்இ 4.2, பாப்கவுண்ட்ங்கற ப்ராசஸர் வசதி இல்லைன்னா பூட்டே ஆகாது, கோர் 2 டுயோ மெஷின் எல்லாம் அதோட முடிஞ்சுது, எந்த ட்ரிக்கும் உதவாது. நான் பக்கத்துல இருந்து பாத்துக்கற மெஷின்னா பரவாயில்ல. ஊர்ல எழுபது வயசு மனுஷன் தனியா உக்காந்து யூஸ் பண்றதை இப்படி ஒரு அந்தரத்துல விடக்கூடாது, அதனால அந்த பக்கமே நான் போகல.

இப்ப எஸ்எஸ்டி விஷயம், ஏன்னா பாதி புண்ணியம் அதுக்கு தான் சேரணும். விண்டோஸ் 10 இருந்தப்ப டாஸ்க் மேனேஜர் திறந்தா டிஸ்க் 100 சதவீதம்னு செவப்பா நிக்கும், சிபியு சும்மா தான் இருக்கும். பழைய லேப்டாப் ஸ்லோவா இருக்குன்னு சொல்ற பத்து பேர்ல பெரும்பாலானவங்களுக்கு வில்லன் அந்த சுத்தற ஹார்ட் டிஸ்க் தான். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி எந்த கம்ப்யூட்டர் கடையிலயும் கிடைக்குது, வீட்டு வேலைக்கு 240 ஜிபி ரொம்ப போதும். அந்த காலத்து லேப்டாப்ல ஒரு வசதி, பின்னாடி பேட்டரியை கழட்டிட்டு ரெண்டு ஸ்க்ரூ எடுத்தா ஒரு மூடி வரும், உள்ள டிஸ்க்கும் ரேமும் நேரா கண்ணுக்கு தெரியும். டிஸ்க்கை பக்கவாட்டுல மெதுவா இழுத்தா கனெக்டர்ல இருந்து விடுபட்டு வந்துடும், அதை சுத்தி இருக்கற தகர பிராக்கெட்டை கழட்டி எஸ்எஸ்டிக்கு போட்டு அதே மாதிரி தள்ளினா வேலை முடிஞ்சுது. பழைய டிஸ்க்கை தூக்கி போடாதீங்க, ஒரு யுஎஸ்பி கேசிங் வாங்கி அதுல போட்டா உங்க பழைய ஃபைல் எல்லாம் அப்படியே பத்திரமா இருக்கும், எதாவது சரியா வரலன்னா அதையே திரும்ப மாட்டிக்கலாம், விண்டோஸ் அதுல அப்படியே இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே இருக்கற டிஸ்க்ல அழிச்சு போடறதை விட புது எஸ்எஸ்டியில போடறது தான் நல்லதுன்னு சொல்வேன். ரேமும் முடிஞ்சா 8 ஆக்கிடுங்க, டிடிஆர்3 லேப்டாப் ரேம் ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல செகண்ட் ஹேண்ட்ல கிடைக்கும்.

லினக்ஸ்ல நூறு வகை இருக்கறப்ப ஏன் மின்ட்னா, விண்டோஸ் 7 யூஸ் பண்ணின கைக்கு எதுவும் புதுசா கத்துக்க வேண்டியதில்ல. கீழ பார், இடது மூலையில மெனு, வலது மூலையில கடிகாரம், அதே இடத்துல அதே சாமான். 2006-ல இருந்து வந்துட்டு இருக்கற ப்ராஜெக்ட், உபுண்டுங்கற இன்னொரு லினக்ஸை அடிப்படையா வச்சு பண்றாங்க. 22 வரிசை முழுசும் உபுண்டு 24.04 மேல நிக்குது, 2029 வரைக்கும் அப்டேட் உண்டு. சின்னமன், மாட்டே, எக்ஸ்எஃப்சிஇன்னு மூணு எடிஷன் இருக்கு, பாக்க அழகு சின்னமன் தான், ஆனா 4 ஜிபி மெஷினுக்கு எக்ஸ்எஃப்சிஇ தான் சரி. டெஸ்க்டாப் வந்து நிக்கறப்ப மெமரி ஒரு ஜிபிக்குள்ள தான் எடுத்திருந்துச்சு. அவங்க சொல்ற குறைந்தபட்சம் 2 ஜிபி ரேம், ஆனா 2 ஜிபியில இன்னைக்கு இருக்கற வெப்சைட்டை திறக்கறது கஷ்டம், அது மின்டோட தப்பு இல்ல, வெப்சைட் எல்லாம் அப்படி வீங்கிப் போச்சு.

மின்டை ஒரு பென்டிரைவ்ல எழுதிட்டா, டிஸ்க்ல போடறதுக்கு முன்னாடியே அந்த பென்டிரைவ்ல இருந்து லைவா ஓட்டிப் பாக்கலாம், டிஸ்க்கை தொடாது. இதை கட்டாயம் பண்ணுங்க. சத்தம் வருதா, வைஃபை எடுக்குதா, வெளிச்சம் கூட்டற கீ வேலை செய்யுதா, கேமரா, மூடி மூடினா தூங்கி திறந்தா எழுந்திருக்குதா, இதெல்லாம் அப்பவே தெரிஞ்சிடும். எங்க மெஷின்ல எல்லாமே சரியா இருந்துச்சு, வைஃபை மட்டும் லிஸ்ட்லயே வரல. அந்த காலத்து வைஃபை சிப்ல சிலதுக்கு டிரைவர் தனியா போடணும், அதைப் போட நெட் வேணும், நெட் வேணும்னா வைஃபை வேணும், இங்க தான் நிறைய பேர் விட்டுட்டு ஓடிடறாங்க. வழி சுலபம். ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிள்ல சொருகி, போன்ல யுஎஸ்பி டெதரிங் ஆன் பண்ணா மின்ட் அதை லேன் வயர் மாதிரி எடுத்துக்குது, எதுவும் செட் பண்ண தேவையில்ல. அப்புறம் மெனுவுல டிரைவர் மேனேஜர் திறந்தா உங்க சிப்புக்கு எந்த டிரைவர்னு அதுவே காட்டும், டிக் பண்ணி அப்ளை குடுத்து ரீஸ்டார்ட் பண்ணதும் வீட்டு வைஃபை பேரு வந்துடுச்சு.

அடுத்து அப்டேட், நான் இதைப் போட்டதே இதுக்கு தான், அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன். கீழ கடிகாரம் பக்கத்துல ஒரு கேடயம் ஐகான் இருக்கும், அப்டேட் எதாவது இருந்தா அதுல ஒரு புள்ளி விழும். கிளிக் பண்ணா பட்டியல் வரும், எது செக்யூரிட்டி, எது கெர்னல் (சிஸ்டத்தோட அடி மையம்), எது சாதாரண சாஃப்ட்வேர்னு தனித்தனி அடையாளத்தோட. ஒவ்வொண்ணு மேலயும் கிளிக் பண்ணா கீழ என்ன மாத்தியிருக்காங்கன்னு எழுதியிருக்கும், எவ்ளோ எம்பின்னு போட்டிருக்கும். இன்ஸ்டால்னு ஒரு பட்டன், பாஸ்வேர்டு கேக்கும், அடிச்சா பின்னாடி ஓடிட்டே இருக்கும், நீங்க பாட்டுக்கு டைப் பண்ணிட்டு இருக்கலாம். கெர்னல் மாறினா மட்டும் ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னு மேல ஒரு வரி காட்டும், பண்றதும் பண்ணாததும் நம்ம இஷ்டம், ராத்திரி ஆஃப் பண்ணி காலையில போட்டா தானா சரியாயிடும். மனு பாதி அடிச்சிட்டு இருக்கறப்ப நீல ஸ்க்ரீன் வந்து "அணைச்சிடாதீங்க, 27 சதவீதம்"னு நிக்கற சமாச்சாரம் இதுல கிடையாது. இதுக்காக மட்டுமே கூட நான் மாறியிருப்பேன்.

ஆஃபீஸ் சாஃப்ட்வேர், பிரவுசர், பிடிஎஃப் ரீடர் எல்லாத்துக்கும் அப்டேட் இதே ஒரு ஜன்னல் வழியா தான் வருது, ஒவ்வொரு சாஃப்ட்வேரும் தனியா ஒரு அப்டேட்டரை ஸ்டார்ட்அப்ல உக்கார வச்சு ரேமை தின்ற வேலை இல்ல. ஃபயர்ஃபாக்ஸும் சாதாரண பேக்கேஜா வருது, உபுண்டுல இருக்கற மாதிரி ஸ்னாப்ங்கற தனி வகை பேக்கேஜ் கிடையாது, பழைய மெஷின்ல முதல் தடவை திறக்கறப்ப அந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். புது கெர்னல் பழைய சிப்போட ஒத்துப்போகலன்னா கூட முந்தின கெர்னல் அப்படியே இருக்கும், பூட் ஆகறப்ப அட்வான்ஸ்டு ஆப்ஷன்ல போயி அதை எடுத்துக்கலாம். அதுக்கும் மேல டைம்ஷிஃப்ட்னு ஒண்ணு கூடவே வருது, சிஸ்டம் ஃபைலை எல்லாம் ஸ்னாப்ஷாட் எடுத்து வச்சிக்கும், அப்டேட்ல எதாவது கெட்டா நேத்து நிலைமைக்கு திருப்பிடலாம். முதல் நாளே வாரத்துக்கு ஒண்ணுன்னு செட் பண்ணி வச்சிடுங்க. உங்க சொந்த ஃபைலை அது எடுத்து வைக்காது, ஞாபகம் இருக்கட்டும், அதுக்கு தனியா பேக்கப் வேணும்.

யூடியூப் பத்தி யாரும் சரியா சொல்றதில்ல, நான் சொல்றேன். பழைய மெஷின்ல லினக்ஸ் போட்டா வீடியோ திக்குது, ஃபேன் கத்துதுன்னு புகார் வரும், விண்டோஸ்லயும் அதே தான் நடந்துட்டு இருந்திருக்கும், யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க. காரணம் என்னன்னா யூடியூப் இப்ப வீடியோவை விபி9, ஏவி1னு புது ஃபார்மட்ல அனுப்புது. மூணாவது ஜெனரேஷன் இன்டெல் கிராபிக்ஸ், யூடியூப் அனுப்பறதுல பழைய எச்264 ஃபார்மட்டை மட்டும் தான் ஹார்டுவேர்லயே பிரிக்கும், விபி9 வந்தா முழு பாரமும் சிபியு தலையில விழும். எச்264 மட்டும் குடுன்னு யூடியூப்பை கேக்க வைக்கற ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் ஃபயர்ஃபாக்ஸ்லயும் குரோம்லயும் இருக்கு, எச்264ஐஃபைன்னு தேடுங்க. போட்டதும் சிபியு சட்டுனு இறங்கிடுச்சு, பட்டிமன்றம் ரெண்டு மணி நேரம் ஓடினாலும் ஃபேன் சத்தமே இல்ல. 4கே கிடைக்காது, ஆனா இந்த ஸ்க்ரீன்ல 720-க்கு மேல போட்டு என்ன ஆகப்போகுது. ஓடிடி பாக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை, லினக்ஸ் பிரவுசர்ல சில ஓடிடி முழு எச்டி தராது, பாதுகாப்பு விதி அப்படி, படம் நல்லா ஓடும், கொஞ்சம் குறைஞ்ச தரத்துல.

தமிழுக்கு வருவோம், அப்பாவுக்கு மூச்சே இது தான். ரெண்டு விதமான ஃபைல் அவர்கிட்ட இருக்கு. புதுசெல்லாம் யூனிகோட், அது எந்த பிரச்சினையும் இல்லாம லிப்ரே ஆஃபீஸ்ல திறக்குது, லதா ஃபான்ட் இல்லைன்னா நோட்டோ தமிழ் ஃபான்ட்டை தானா எடுத்துக்குது, வரி மட்டும் கொஞ்சம் முன்ன பின்ன நகரும். பழசெல்லாம் பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட்ல அடிச்சது. அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்துல திறந்தா முழு கடிதமும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா கொட்டிக் கிடக்கும், ஏன்னா பாமினியில உள்ள இருக்கறது ஆங்கில எழுத்து தான், ஃபான்ட் தான் அதுக்கு தமிழ் உருவம் குடுக்குது. பல வருஷத்து கோயில் வரவு செலவு, கும்பாபிஷேக நோட்டீஸ், அம்மாவோட அறுபதாம் கல்யாணத்துக்கு அவரே எழுதின பத்திரிகை, எல்லாம் பாமினியில தான் கிடக்கு. பழைய விண்டோஸ் டிஸ்க்ல ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல இருந்து பாமினி ஃபைலை எடுத்து, மின்ட்ல ஹோம் ஃபோல்டருக்குள்ள மறைஞ்சிருக்கற ஃபான்ட்ஸ் ஃபோல்டர்ல போட்டு லிப்ரே ஆஃபீஸை மூடித் திறந்தேன், அந்த பத்திரிகை சுழி கூட மாறாம அப்படியே வந்து நின்னுச்சு. அதனால விண்டோஸை விடறதுக்கு முன்னாடி அந்த ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுசா காப்பி பண்ணி வச்சிக்கங்க, பாமினி, வானவில், டிஸ்கி எதுவா இருந்தாலும் சரி, என்னைக்காவது தேவைப்படும்.

டைப் பண்றதுக்கு விண்டோஸ்ல என்எச்எம் ரைட்டர்ங்கற தமிழ் டைப்பிங் சாஃப்ட்வேர் வச்சிருந்தார், தமிழ்99 லேயவுட் (எந்த கீயில எந்த எழுத்துங்கற அமைப்பு). அது மின்ட்ல இல்ல. கீபோர்ட் செட்டிங்ஸ்ல தமிழ்99னு ஒண்ணு ஏற்கனவே கண்ணுல படும், அதை எடுத்தா கை ஒத்து வராது, புள்ளி தானா விழற விதி அதுல இல்ல. சாஃப்ட்வேர் மேனேஜர்ல ஐபஸ், அதோட ஐபஸ் எம்17என் ரெண்டையும் போட்டு, அதுல இருக்கற தமிழ்99-ஐ எடுங்க. அ, ம, ம, ஆன்னு நாலு கீ அடிச்சா அம்மான்னு முதல் மகரத்துக்கு மேல புள்ளியோட வரணும், அப்படி வந்தா சரியான லேயவுட்டை பிடிச்சாச்சு. டைப்ரைட்டர் லேயவுட், ஃபொனெட்டிக்கும் அதுலயே இருக்கு, டைப்ரைட்டிங் ஹையர் முடிச்சவங்களுக்கு பழைய கை பழக்கம் வீணா போகாது. அப்பா அன்னைக்கு சாயங்காலமே முதியோர் பென்ஷன் மனு ஒண்ணு முழுசா அடிச்சு முடிச்சிட்டார், எதுவும் கேக்கல.

பிரிண்டர். இதுல தான் கண்ணை திறந்துட்டு போகணும். எங்க வீட்ல இருக்கறது வைஃபை இன்க் டேங்க் மாடல், ஒரே நெட்வொர்க்ல இருந்ததும் பிரிண்ட் லிஸ்ட்ல தானா வந்து உக்காந்துடுச்சு, டிரைவர்னு ஒண்ணு தேடவே இல்ல. போன்ல இருந்து நேரா பிரிண்ட் எடுக்க முடியற புது மாடல்னா பெரும்பாலும் இப்படி தான். ஆனா நம்ம ஊர் ஜெராக்ஸ் கடை, டிடிபி சென்டர், ஸ்கூல் ஆபீஸ்னு எங்க பாத்தாலும் ரெண்டு சின்ன லேசர் இன்னும் ஓடிட்டு இருக்கும், எச்பி 1020, கேனன் எல்பிபி 2900. ரெண்டும் யோசிக்கற வேலையை கம்ப்யூட்டர்கிட்டயே விட்டுடற ரகம். 1020 ஒவ்வொரு தடவை ஆன் ஆகும்போதும் கம்ப்யூட்டர்ல இருந்து ஃபர்ம்வேர் இறங்கினா தான் வேலை செய்யும், எச்பியோட எச்பிலிப் சாஃப்ட்வேரும் அதுக்குரிய பிளகினும் போட்டா லினக்ஸ்ல ஓடும். 2900 கேப்ட்னு கேனனோட சொந்த மொழியில பேசுது, லினக்ஸ் டிரைவர்னு ஒண்ணு இருக்கு, ஆனா பழசு, புது வெர்ஷன்ல நிறுவறதுக்கு ரொம்ப மெனக்கெடணும், ஆர்வலர்கள் எழுதின மாற்று டிரைவரும் உண்டு. வீட்ல பொழுதுபோக்கா பண்றவங்க முயற்சி பண்ணலாம். தினம் அம்பது பேர் வரிசையில நிக்கற கடையில 2900 இருந்தா அந்த மெஷினை மாத்தாதீங்க.

டாலி விண்டோஸுக்கு மட்டும் தான், வைன் (விண்டோஸ் சாஃப்ட்வேரை லினக்ஸ்ல ஓட்டற கருவி) போட்டு ஓட்டலாம்னு யாராவது சொன்னா கணக்கு விஷயத்துல அந்த விஷப்பரீட்சை வேணாம். பேஜ்மேக்கர் கடைசியா வந்த 7.0-வே 2001-ல வந்தது, இன்னும் கல்யாண பத்திரிகை அடிக்கற கடையில அது தான் ராஜா, அவங்க அந்த கம்ப்யூட்டரை நெட் கேபிளை கழட்டிட்டு அப்படியே பழைய விண்டோஸ்லயே வச்சிட்டு, மெயில் வாட்ஸ்அப்புக்கு பக்கத்துல மின்ட் போட்ட இன்னொரு மெஷினை வச்சிக்கறது தான் புத்திசாலித்தனம். ஜிஎஸ்டி, டெண்டர்னு டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் யூஸ் பண்றவங்க உங்க டோக்கன் மாடலுக்கு லினக்ஸ் டிரைவர் இருக்கான்னு பாத்துட்டு அப்புறம் இறங்குங்க.

தமிழ்நாடு அரசாங்கம் 2011-ல இருந்து பசங்களுக்கு குடுத்த ஃப்ரீ லேப்டாப் எத்தனையோ வீட்ல பீரோ மேல தூசியோட கிடக்கும். அதுல ஆரம்பத்துல வந்ததுல விண்டோஸோட சேத்து பாஸ் லினக்ஸும் போட்டு தான் குடுத்தாங்க, மத்திய அரசோட சி-டாக் நிறுவனம் சென்னையில உருவாக்கினது. பசங்க அதை ஒருதடவை கூட திறக்காம அழிச்சிட்டாங்க, யாரும் சொல்லித் தரல, அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு. அந்த லேப்டாப்பை எடுத்து ப்ராசஸர் 64 பிட்டான்னு முதல்ல பாருங்க, 64-னா ரேமை ஏத்தி எஸ்எஸ்டி போட்டா தங்கச்சி தம்பி படிக்க ஆகும். 32 பிட் மட்டும்னா மின்ட் ஏறாது, மின்டோட டெபியன் எடிஷன்ல இருந்த 32 பிட்டும் 2025-ல நின்னுடுச்சு, லினக்ஸ் 32 பிட்டுக்கு ஃபயர்ஃபாக்ஸும் நிறுத்திட்டாங்க. அதுக்கு மேல மெனக்கெடாதீங்க, உள்ள இருக்கற ஃபோட்டோவை மட்டும் காப்பி பண்ணிக்கங்க.

பென்டிரைவ் பண்ணவே பயமா இருக்குன்னா தனியா உக்காந்து தவிக்க வேணாம், சென்னையில ஐஎல்யுஜிசி, விழுப்புரத்துல விஜிஎல்யுஜின்னு லினக்ஸ் குழுக்கள் இருக்கு, அவங்க சந்திப்பு எப்பன்னு பாத்து லேப்டாப், சார்ஜர், பேக்கப் எடுத்த டிஸ்க் மூணையும் தூக்கிட்டு போங்க. பேக்கப் இல்லாம மட்டும் போகாதீங்க.